ஏழேகால் பஸ்ஸும் உன் நடையும்

அருளு,

உன்னுடைய நீல அட்டை நோட்டை நான் படித்துவிட்டேன். கேட்காமல் படித்தது தப்புதான், திட்டுவதானால் திட்டிக்கொள். ஊருக்குக் கிளம்புமுன் பரண்மேல் கிடக்கும் உன் பெட்டியைக் காலி செய்து தரச்சொல்லி மருமகள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் இறக்கினேன். அடி தேய்ந்த ஏழெட்டு ஜோடி ஷூ, பந்தயத்தில் நெஞ்சில் குத்திக்கொள்ளும், ஊக்கு துருப்பிடித்த எண் துணிகள், யார் யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கோப்பைகள், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நோட்டு. தினமும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், கால் வலித்ததா இல்லையா என்று உன் கோழிக் கிறுக்கலில் நீ எழுதி வைத்திருந்தது. சும்மா புரட்டலாம் என்றுதான் தரையில் உட்கார்ந்தேன். பாதி நோட்டில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றோடு நான்கு நாள் ஆயிற்று, விடவில்லை. சோறு இறங்கவில்லை. சுகர் ஏறிவிட்டது என்று நினைத்து உன் அம்மா என் விரலை இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டாள். சுகர் நன்றாகத்தான் இருக்கிறது.

நேரில் சொல்லலாம்தான். நீ அடுத்த அறையில்தான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு இருக்கிறாய். ஆனால் நேரில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், இல்லாவிட்டால் ரயில் டிக்கெட்டைப் பற்றி, அந்த ஊர்க் குளிரைப் பற்றி ஏதாவது பேசி மழுப்பிவிட்டு எழுந்து போவேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன் அம்மா கல்யாணமான மறு வாரமே கண்டுபிடித்துச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு ரயில். வடக்கே போய்ப் பிள்ளைகளுக்கு நடைப் பந்தயம் கற்றுக்கொடுக்கப் போகிறாய். அதற்குள் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உன்னை அனுப்பினால், பிறகு போனில் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

நீ ஓடிய காலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அது எனக்குப் பிடித்த காலம், அதை நினைத்தால் கொஞ்சம் தைரியம் வரும். எட்டாவது படிக்கும்போது சூளகிரிப் பள்ளிக்கூட மைதானத்தில் நீ முதலில் ஓடி வந்தாய். இரண்டாவது வந்தவனுக்கும் உனக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். அன்றைக்கு எனக்குச் செகண்ட் ஷிஃப்ட். லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ் செய்ய எத்தனை விநாடி ஆகிறது என்று நேரம் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் ரிட்டயர் ஆகும்போது தன் ஸ்டாப்வாட்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் உனக்காகவே கொடுத்ததாக எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு முன்னால் உன்னை வண்டியில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். நீ சுற்றுவாய், நான் வேப்பமரத்தடியில் நின்று பொத்தானை அமுக்குவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நீ திரும்பி என் முகத்தைத்தான் பார்ப்பாய். நேரம் குறைந்திருந்தால் நான் கையைத் தூக்குவேன். கூடியிருந்தால் தலையைச் சொறிவேன். நீ பாவம், என் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடுவாய். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ராகிக் களியும் கோழிக் குழம்பும் வாங்கித் தருவேன். களியை மென்று தின்பாய். "அத மெல்லக் கூடாதுடா, உருட்டி முழுங்கணும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். நீ ஒரு வாரமும் கேட்டதில்லை.

கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் நீ ஜெயித்தபோது அந்தச் சான்றிதழை லேமினேஷன் செய்து கம்பெனிக்கே கொண்டுபோனேன். கேன்டீனில் ஒரு மேசை விடவில்லை, காட்டாத ஆள் இல்லை. "எம் பையன் ஓடறான்னா, சும்மா இல்லப்பா, குதிர மாதிரி" என்று நான் சொல்லச் சொல்ல முனிராஜு கேட்டுக்கொண்டே என் பங்குப் போண்டாவையும் சேர்த்துத் தின்றான். முனிராஜுவை உனக்கு ஞாபகம் இருக்கும். என் பக்கத்து மேசையில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன். பாகலூர்ப் பக்கம் ஊர். வீட்டில் கன்னடம், சண்டை போட்டால் தெலுங்கு, எங்களிடம் தமிழ். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்த வருடங்களில் நான் அப்படி ஒரு காக்கையாகத்தான் இருந்தேன். ஊரெல்லாம் கேட்கக் கத்தின காக்கை.

காலேஜ் முதல் வருடம் உன் முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. எலும்பில் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் என்று படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் டாக்டர். ஆறு மாதம் ஓடக்கூடாது, வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்றார். நடந்தாய். முதலில் தெருமுனை வரை, பிறகு பைபாஸ் வரை, பிறகு அதையும் தாண்டி. ஆறு மாதம் முடிந்தால் பழையபடி ஓடுவாய் என்று நான் ஸ்டாப்வாட்சுக்குப் புது பேட்டரி போட்டு வைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் நான் கை கால் கழுவிக்கொண்டு இருக்கும்போது வந்து நின்றாய். "அப்பா, நான் ஈவென்ட் மாத்திக்கிறன்" என்றாய். எண்ணூறு மீட்டரோ, தடை ஓட்டமோ என்று நினைத்தேன். "ரேஸ் வாக்கிங்ப்பா. இருபது கிலோமீட்டர் நடைப் பந்தயம். ஓடறத விட எனக்கு நடக்கறதுதான் நல்லா வருது. காலும் வலிக்கல" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "நடக்கறதுக்குமா மெடல் குடுக்கறான்? சிங்காரப்பேட்டைல இருந்து ஊத்தங்கரை சந்தைக்கு எங்கப்பன் தலைல மூட்டைய வெச்சிக்கினு வாராவாரம் நடந்தான். அவனுக்கு எவன்டா மெடல் குடுத்தான்?" என்றேன். சோப்பு நுரை காயும்வரை கத்தினேன்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்கிறேன், சமாதானத்துக்காக இல்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் வீட்டில் நடப்பது என்றால் கூலி. அப்பா அடுத்தவர் வயலுக்கு நடந்தார், அம்மா களை எடுக்க நடந்தாள், செருப்பில்லாமல் நானும் நடந்தேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்து ஓசூருக்கு வந்து, கம்பெனியில் நிரந்தரம் ஆகி, முதல் முதலாகக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அன்று நான் அழுதேன். இனி என் வீட்டில் யாரும் பிழைப்புக்கு நடக்க வேண்டாம் என்று அழுதேன். ஓடுவது வேறு, அது விளையாட்டு, அது படித்த பிள்ளைகள் செய்வது. நீ வந்து "நான் நடக்கப் போறன்" என்றதும் என் அப்பன் மூட்டையோடு எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது. உன் அம்மாதான் கதவோரம் நின்று, "நடந்தா நாடெல்லாம் உறவு, படுத்தா பாயும் பகைன்னு சும்மாவா சொன்னாங்க? புள்ள நடக்கட்டும் வுடுங்க" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. நாற்பது வயதில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் குளுக்கோஸும் எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். எனக்குச் சொல்லாமல் ஓட்டக் கற்றாள், பார்த்துக்கொள்.

உன் நடையும் எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற கால் மடங்காமல் நேராக விழ வேண்டும், அதனால்தான் இடுப்பு அப்படிச் சுழல்கிறது என்று நீ வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டினாய். "கால் ரெண்டும் தரையில இல்லன்னு எப்படிடா கண்டுபுடிப்பான்? கேஜ் வெச்சிப் பாப்பானா?" என்றேன். "கண்ணாலதாம்ப்பா. நடுவருங்க ரோட்டோரம் நின்னுக்கினு காலையே பாப்பாங்க" என்றாய். நான் சிரித்தேன். உள்ளங்கை அகலப் பீஸுக்கே நாலு கேஜ் வைத்து அளவு பார்க்கிற தொழில் எனக்கு. வெறும் கண்ணால் பார்த்து பாஸ், ரிஜெக்ட் சொல்வதெல்லாம் ஒரு விளையாட்டா என்றேன். ஸ்டாப்வாட்சை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். நீ அதைக் கேட்கவே இல்லை.

இனி அந்த நாள். ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த நாள். நான் ஜெனரல் ஷிஃப்ட்டில் இருந்தேன். ஏழேகால் மணிக்குச் சர்வீஸ் ரோட்டில் பஸ். நாங்கள் எட்டொன்பது பேர் டீயைக் குடித்துக்கொண்டு நின்றோம். வருகிற போகிற வண்டியில் எல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தது. ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய். அப்போது தூரத்திலிருந்து நீ வந்தாய். அரைக்கால் சட்டை, சிவப்பு பனியன், கை இரண்டும் ஊஞ்சல் மாதிரி, இடுப்பு அந்தச் சுழலில். முனிராஜுதான் முதலில் பார்த்தான். "நோட்ரோ அல்லி!" என்று கன்னடத்தில் கத்தினான், அங்கே பாருங்கடா என்று. "யாருப்பா இவன், இடுப்ப ஆட்டிக்கினு எங்க போறான், ரெக்கார்டு டான்ஸுக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உன்னைப்போலவே நாலு அடி நடந்து காட்டினான். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். "யாரு வூட்டுப் புள்ளப்பா அது?" என்று யாரோ கேட்டார்கள். கேள்வி பொதுவாகத்தான் வந்தது. என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "எவனுக்குத் தெரியும், எவன் பெத்ததோ" என்றேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன், அருளு. வாய்விட்டுச் சிரித்தேன்.

நீ எங்களுக்குப் பத்தடி தூரத்தில் வரும்போது ஒரு பூசணிக்காய் உடைந்து கிடந்தது. அதைச் சுற்றிப் போக வேண்டி ஒரு அடி எடுத்து வைத்தாய், அப்போது தலை நிமிர்ந்தாய். நான் டக்கென்று திரும்பி பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நீ எப்போதும்போல என் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டாய், எப்போதும்போலப் பேசினாய். அப்பாடா என்று இருந்தது. மறுநாளிலிருந்து உன்னைச் சர்வீஸ் ரோட்டில் காணவில்லை. அதற்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், லைனில் பொய்க் கணக்கு எழுதியது, உன் பெரியப்பாவை அடிக்கக் கை ஓங்கியது எல்லாம். இதைச் சொன்னதில்லை. நாக்கு நுனி வரை வரும், முழுங்கிவிடுவேன்.

உன் நோட்டில் அந்த மறுநாளின் பக்கம் இருக்கிறது. நாற்பது முறையாவது படித்திருப்பேன். "10 கி.மீ. இனிமே சர்வீஸ் ரோடு வேணாம். ஏழேகாலுக்கு அப்பா பஸ் ஸ்டாப்ல நிப்பாரு, அவருக்குச் சங்கடம். ஏரிக்கரை வழி. 2 கி.மீ. கூட, பரவால்ல. கால் வலி: இல்ல." இவ்வளவுதான். ஒரு கோபம் இல்லை, ஒரு வசவு இல்லை. என்னைத் திட்டி நாலு வரி எழுதியிருந்தால் நான் நன்றாகச் சோறு தின்றிருப்பேன். பத்தொன்பது வயதுப் பையன் நீ. உன்னை எவன் பெத்ததோ என்று சொன்னவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று வழியை மாற்றியிருக்கிறாய்.

அந்த வழியில் என்ன நடந்தது என்பதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த இரண்டாம் மாதம் ஏரிக்கரையில் உன்னை நாய் கடித்தது. கெண்டைக்காலில் சதை கிழிந்து ரத்தம் ஒழுக வந்தாய். ஊசி, கட்டு, காய்ச்சல். அந்த வருட மாநிலப் போட்டிக்குப் போக முடியாமல் போயிற்று. நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று எல்லோரும் கேட்கக் கத்தினேன். "தார் ரோடு பட்டுக் கம்பளம் மாதிரி போட்டுக் கெடக்குது. அத வுட்டுட்டு ஏரிக்கரைல எதுக்குடா போன? அறிவு இருக்குதா உனுக்கு?" என்றேன். நீ கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு, "அங்க காத்து நல்லா இருக்கும்ப்பா" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று அர்த்தம் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவளிடம் கேட்டேன், "உனக்கு இது தெரியுமா?" என்று. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "தெரியும்" என்றாள். "பின்ன ஏன்டி சொல்லல?" "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தன். பாத்துக்கினேதான் இருக்கறன்." அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி பூண்டை உரித்தாள்.

அதற்கடுத்த வருடம் நீ கலந்துகொண்ட முதல் பெரிய போட்டியில் மூன்று நடுவர்கள் உன் பெயருக்குச் சிவப்புச் சீட்டு எழுதி உன்னை வழியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். கால் தரையை விட்டுவிட்டதாம். போனில் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. நான் "சரி வுடு கண்ணு" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இதையும் எழுதிவிடுகிறேன், அரைகுறையாகச் சொன்னால் அது சொன்னதாகாது. ரிஜெக்ட் ஆகிவிட்டான், இனி ஒழுங்காக ஓட வருவான் என்று சந்தோஷப்பட்டேன். நீ வரவில்லை. எங்கள் மேசையில் ரிஜெக்ட் ஆன பீஸைச் சிவப்புப் பெட்டியில் போடுவோம், அதன் கதை அதோடு முடியும். நீ ஊருக்கு வந்து, விழுந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, காலைத் தரையில் வைப்பது எப்படி என்று குழந்தை மாதிரி மறுபடி படித்தாய். ஏரிக்கரையில், கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு, நாய்க்கு.

நான் உன் நடைப் போட்டியை முதலில் பார்த்ததே உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததால்தான். "தண்ணி மேசைல நிக்க ஆளு வேணும், போய்ட்டு வாங்க" என்று என்னைத் துரத்தினாள். பாட்டிலை எப்படிப் பிடிக்க வேண்டும், நீ எடுக்கும்போது எப்படி விட வேண்டும் என்று படுத்தபடியே பாடம் எடுத்தாள். தேசியப் போட்டி. ஒரு கிலோமீட்டர் ரோட்டில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, இருபது கிலோமீட்டர். முதல் இரண்டு சுற்று வேண்டா வெறுப்பாக நின்றேன். பிறகு நடுவர்களைப் பார்த்தேன். கொக்கு மாதிரி அசையாமல் நின்று கால்களை மட்டுமே பார்க்கிறார்கள். முகம் யாருடையது என்று பார்ப்பதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது என் தொழில்! என் மகன் இருபது கிலோமீட்டருக்கு ஒவ்வொரு அடியையும் இன்ஸ்பெக்ஷனுக்குக் கொடுத்துக்கொண்டே போகிறான். ஓடுகிறவனுக்கு வேகம் மட்டும் போதும். உனக்கு வேகமும் வேண்டும், அந்த வேகத்தைக் காலுக்குள் அடக்கியும் வைக்க வேண்டும். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் பலகையில் உன் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு வைத்தார்கள். பதினாறில் இன்னொன்று. இன்னும் ஒன்று விழுந்தால் அவ்வளவுதான். உன் அம்மா சொல்லிக்கொடுத்தபடி பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றேன். நீ வந்தாய், எடுத்தாய், என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்த நிலைமையில் சிரித்தாய்! மூன்றாவதாக வந்தாய். நான் கோட்டைத் தாண்டி ஓடிவந்து கட்டிக்கொண்டதில் காவலுக்கு நின்றவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மேல் பொத்தான் அங்கேயே போயிற்று.

அதோடு நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்தாரே, ஓசூர்ப் பதிப்புக்குப் பேட்டி எடுக்க. "ஓட்டத்தை விட்டுட்டு நடைக்கு மாறும்போது வீட்டுல ஆதரவு இருந்ததா?" என்று கேட்டார். நான் மெடலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆரம்பத்துல இருந்தே நாந்தான் சார் உற்சாகப்படுத்தனன்" என்றேன். மூச்சுகூட விடாமல் சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். சிரிப்பாய், அல்லது எழுந்து போவாய் என்று என் முதுகெல்லாம் வேர்த்தது. "ஆமா சார். அப்பாதான் எனக்கு எப்பவும் டைம் பாப்பாரு" என்று நீ சொன்னாய். அதுவும் அச்சில் வந்தது. அந்தத் துண்டை வெட்டிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி வைத்துவிட்டேன். காலண்டர் மாட்டுவதற்காக என்று உன்னிடம் சொன்னது பொய்.

நேற்றுக் காலை நான் எங்கே போனேன் என்று கேட்டாய், மாத்திரை வாங்க என்றேன். அதுவும் பொய். ரிட்டயரான நான் ஏழேகால் பஸ் நேரத்துக்குச் சர்வீஸ் ரோட்டுக்குப் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பாதிப் பேர் புதுசு, ஒடிசா, பீகார்ப் பையன்கள். முனிராஜு மட்டும் பழைய இடத்தில் பழைய மாதிரி டீ குடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நான் வந்த வேகத்தில் சொன்னேன், "முனிராஜு, பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன ஆயுத பூஜ முடிஞ்சி இதே எடத்துல ஒரு பையன் நடந்து போனான். யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டீங்க. அது எம் பையன்டா." அவன் டீயை ஊதிக் குடித்தான். "தெரியுமே குரு" என்றான். அவனுக்கு எல்லோரும் குருதான். "அன்னிக்கே, அவன் கிட்ட வந்ததும் தெரிஞ்சிபோச்சி. மூக்கு அப்பிடியே உன் மூக்கு. நீ இல்லன்னு சொன்ன, நாங்க என்னா பண்றது? சாயங்காலம் நீ பஸ்ஸ வுட்டு எறங்கிப் போன பின்னாடி எல்லாரும் அதத்தான் பேசிக்கினு நின்னோம். பாவம் அந்தப் புள்ளன்னு." கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, "கேலி பண்ணது என் தப்பு. ஆனா நீ எம் பையன்தான்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே நான் வாய மூடியிருப்பேன்" என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். ஜன்னலிலிருந்து கை ஆட்டினான். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்து நான் மூடி வைத்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது அருளு. இந்த வயதில் அப்படி ஒரு வெட்கம்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதிவிட்டேன். ஆனால் உன் நோட்டில் இருக்கும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்ததில், அதை எழுதும்போதே நீ மன்னித்துவிட்டாய் என்று தோன்றுகிறது. அதுதான் தாங்கவில்லை. நீ இனிமேல் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாய், உனக்கும் பிள்ளை பிறக்கும். பெரிய புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மைதானத்துக்கு வெளியே, கம்பி வேலிக்கு அந்தப்பக்கம், உள்ளே வராமல் ஒரு அப்பன் நிற்பான். பிள்ளை நடக்கும்போது செல்போனைப் பார்க்கிற மாதிரி நிற்பான். எல்லா ஊரிலும் என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான். அவனைப் பார்த்தால் கோபப்படாதே. உள்ளே கூப்பிடு, கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடு, நேரம் பார்க்கச் சொல். பத்து நிமிடத்தில் வழிக்கு வந்துவிடுவான். எனக்கு யாராவது அப்படிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன், அது வேறு.

இன்னொரு விஷயம், இது புத்திமதி இல்லை, விண்ணப்பம். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், தெரியும்தானே. ஆறு மாதமாக ஏரிக்கரையில்தான் நடக்கிறேன். நீ சொன்னது உண்மைதான், அங்கே காற்று நன்றாக இருக்கிறது. ஆனால் சனிக்கிழமையும் கம்பெனி உண்டு, ஏழேகால் பஸ் வரும். சனிக்கிழமை காலை நீ என்னோடு சர்வீஸ் ரோட்டுக்கு வர வேண்டும். அந்தச் சிவப்பு பனியனைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா துவைத்துப் போட்டிருக்கிறாள். அலமாரியைத் திறந்து ஸ்டாப்வாட்சையும் எடுத்துவிட்டேன், பேட்டரி போட்டால் ஓடுகிறது. நீ உன் நடையில் நட, இடுப்பு எவ்வளவு சுழல வேண்டுமோ அவ்வளவு சுழலட்டும். முனிராஜுவும் அந்தப் புதுப் பையன்களும் டீ குடித்துக்கொண்டு நிற்கும் நேரத்துக்குச் சரியாக அங்கே வா. நான் முன்னாலேயே போய் அவர்கள் நடுவில் நிற்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அப்பா